எழுந்து போக வேண்டியவர் யார்?

போன தை மாதம் மயிலாப்பூரில் ஒரு கல்யாணம். முகூர்த்தம் முடிந்து, முதல் பந்திக்கு இலை போட்டுக்கொண்டிருந்த சமயம். மண்டபத்தில் 'ஏ.சி.' ஓடிக்கொண்டிருந்ததால் ஜன்னல்களையெல்லாம் இறுக்கிச் சாத்தியிருந்தார்கள். என் பக்கத்து நாற்காலியில் கல்யாணப் பெண்ணின் பாட்டி உட்கார்ந்திருந்தார். 82 வயது. காது கொஞ்சம் மந்தம். மூக்கு மட்டும் மகா கூர்மை. பேசிக்கொண்டே இருந்தவர் சட்டென்று நிமிர்ந்து, "ஏண்டாப்பா, யாராவது மாம்பழம் நறுக்குகிறார்களா என்ன?" என்று கேட்டார்.

"தை மாதத்தில் ஏது பாட்டி மாம்பழம்?" என்றேன்.

"அதுதானே எனக்கும் புரியவில்லை. ஆனால் வாசனை வருகிறதே!"

வந்தது. எனக்கும் வந்தது. நல்ல பங்கனபள்ளி வாசனை. எங்கிருந்து வருகிறது என்று இருவரும் சுற்றுமுற்றும் பார்த்தோம். முன் வரிசையில் பாட்டிக்குப் பேரன் முறையாகும் ஒரு பையன் உட்கார்ந்திருந்தான். மான்செஸ்டரில் வேலை, கல்யாணத்துக்காக லீவில் வந்தவன். பட்டு வேஷ்டி, சந்தனப் பொட்டு எல்லாம் அமர்க்களமாக இருந்தன. கையில் தடித்த பேனா மாதிரி ஒரு கருவி. அதை உதட்டில் வைத்து உறிஞ்சினான். நுனியில் ஒரு சின்ன நீல விளக்கு எரிந்தது. அடுத்த கணம் அவன் வாயிலிருந்து வெள்ளை வெளேரென்று ஒரு மேகம் கிளம்பி, நாதஸ்வரக்காரர் தலைக்கு மேலே போய்க் கலைந்தது.

"அடே! கல்யாண வீட்டில் சிகரெட்டா?" என்று அதட்டினார் பாட்டி.

"சிகரெட் இல்லை பாட்டி. இதிலே புகையே கிடையாது. வெறும் ஆவி!"

"இட்டிலிக் கொப்பரையிலும்தான் ஆவி வருகிறது. அதை யாரும் வாயில் வைத்துக்கொண்டு திரிவதில்லையே!"

சுற்றி இருந்தவர்கள் எல்லாரும் சிரித்தார்கள். பையனும் சிரித்தான். சிரிக்காதவள் ஒருத்திதான். மணப்பெண்ணின் அக்காள்; ஏழு மாதக் கர்ப்பிணி. இரண்டு நாற்காலி தள்ளி உட்கார்ந்திருந்தவள், புடவைத் தலைப்பால் மூக்கைப் பொத்திக்கொண்டு, கைப்பிடியைப் பிடித்து மெள்ள எழுந்தாள். வாசல் ஓரத்தில், ஏ.சி. எட்டாத இடத்தில் கிடந்த ஒரு நாற்காலியில் போய் உட்கார்ந்து, கல்யாணப் பத்திரிகையால் விசிறிக்கொள்ளத் தொடங்கினாள். போகச் சொன்னவர் யாரும் இல்லை. அவளும் யாரையும் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

பந்தியில் எனக்கு அந்தப் பையனின் பக்கத்தில்தான் இலை கிடைத்தது. நல்ல பையன், மரியாதை தெரிந்தவன். "நான் ஒரு நாளைக்கு 20 சிகரெட் பிடித்துக்கொண்டிருந்தவன் அண்ணா. எட்டு மாதமாக ஒன்றுகூடத் தொடவில்லை. இந்தக் கருவிதான் காப்பாற்றியது. அங்கே டாக்டர்களே இதைச் சிபாரிசு செய்கிறார்கள். அப்படிப்பட்ட ஒன்றை நாலு பேர் நடுவில் உபயோகித்தால் என்ன தப்பு? நீங்களே சொல்லுங்கள்" என்றான்.

நியாயமான கேள்விதான். பாயசம் வருகிற வரையில் யோசித்தும் எனக்குப் பதில் அகப்படவில்லை. வீட்டுக்கு வந்த பிறகு நாலைந்து நாள் உட்கார்ந்து படித்துப் பார்த்தேன். உங்கள் வீட்டுக் கூடத்திலும், நீங்கள் போகிற ஹோட்டலிலும், ரயிலிலும் நாளைக்கு இதே கேள்வி எழலாம் அல்லவா? அதனால்தான் உங்களோடு சேர்ந்து யோசிக்கலாம் என்று இதை எழுதுகிறேன்.

கருவிக்குள் என்ன இருக்கிறது?

புகையிலையைக் கொளுத்தாமல் சிகரெட் பிடிக்க முடியுமா என்ற யோசனை புதிதல்ல. அமெரிக்காவில் ஹெர்பர்ட் கில்பர்ட் என்பவர் 1963-லேயே அப்படி ஒரு கருவியை வரைந்து விண்ணப்பித்து, 1965-ல் பேடண்ட் உரிமையும் பெற்றார். ஆனால் அது கடைக்கு வந்து சேரவில்லை. நாற்பது வருஷம் கழித்து, 2003-ல், சீனாவில் ஷென்யாங் நகரத்தைச் சேர்ந்த ஹான் லிக் என்ற மருந்தியல் நிபுணர் இப்போது நாம் பார்க்கும் மின் சிகரெட்டைச் செய்தார். அவரே விடாமல் சிகரெட் பிடிப்பவர். அவருடைய தகப்பனார் நுரையீரல் புற்றுநோயால் இறந்து போனார். ஆகவே, யாரையும் கெடுக்க வேண்டும் என்று அவர் இதைச் செய்யவில்லை. சிகரெட்டிலிருந்து தப்பிக்க ஒரு வழி தேடியவர் அவர். இதை மறந்துவிட்டுப் பேசுவது சரியல்ல.

கருவியின் சூட்சுமம் ரொம்ப எளிது. ஒரு பாட்டரி, அதனால் சூடாகும் ஒரு கம்பிச் சுருள், சின்னத் தொட்டியில் கொஞ்சம் திரவம். அந்தத் திரவத்தில் கிளிசரினும், புரொபிலீன் கிளைக்கால் என்ற வழவழப்பான பொருளும், நிகோட்டினும், வாசனைச் சரக்கும் இருக்கும். உறிஞ்சினால் சுருள் சூடாகி, திரவம் நுண்துளிகளாகப் பறக்கிறது. இதில் எதுவும் எரிவதில்லை. எரியாததால் தாரும் இல்லை, கார்பன் மானாக்சைடும் இல்லை என்று சொல்லலாம். சிகரெட்டில் ஆளைக் கொல்லுவது பெரும்பாலும் எரிவதால் உண்டாகும் விஷங்கள்தான். நிகோட்டினின் வேலை, மறுபடி மறுபடி அதனிடமே இழுத்துக்கொண்டு வருவது.

இன்னொரு வித்தியாசமும் உண்டு. சாம்பல் கிண்ணத்தில் வைத்துவிட்டுப் பேசிக்கொண்டிருந்தாலும் சிகரெட் தன் பாட்டுக்குப் புகைந்துகொண்டே இருக்கும். பக்கத்தில் இருப்பவர்களுக்கு வந்து சேருவதில் பெரும் பங்கு அந்தப் புகைதான். மின் சிகரெட் அப்படியில்லை. உறிஞ்சாதபோது அது சும்மா கிடக்கிறது. உபயோகிப்பவர் ஊதி விடுவது மட்டுமே வெளியில் வருகிறது.

அப்படியானால் பாட்டியின் இட்டிலிக் கொப்பரை ஆவியும் இதுவும் ஒன்றா? அதுவும் இல்லை. இட்டிலி ஆவி தண்ணீர். இதில் நிகோட்டின் இருக்கிறது, கண்ணுக்குத் தெரியாத நுண்துகள்கள் இருக்கின்றன. அமெரிக்க தேசிய விஞ்ஞானக் கழகங்களின் நிபுணர் குழு ஒன்று 2018-ல் இருக்கிற ஆராய்ச்சிகளையெல்லாம் அலசி ஒரு பெரிய அறிக்கை வெளியிட்டது. மூடிய அறையில் மின் சிகரெட் உபயோகித்தால் அறைக் காற்றில் நிகோட்டினும் துகள்களும் கூடுகின்றன என்பதில் சந்தேகமே இல்லை என்று அந்தக் குழு சொன்னது. ஆனால் சாதாரண சிகரெட்டினால் கூடுவதைவிட அது குறைவு என்பதையும் அதே அறிக்கை ஒப்புக்கொண்டது.

ஆக, பையன் 'வெறும் ஆவி' என்றது சரியல்ல. அதற்காக, 'சிகரெட்டும் இதுவும் ஒன்றுதான்' என்று அவனை நான் மடக்கியிருந்தால் அதுவும் சரியாக இருந்திருக்காது.

இங்கிலாந்துக்காரர்களின் கணக்கு

டாக்டர்கள் சிபாரிசு செய்கிறார்கள் என்று அவன் சொன்னது பொய்யல்ல. இங்கிலாந்தின் பொதுச் சுகாதார இலாகா 2015 ஆகஸ்டில், மின் சிகரெட் சாதாரண சிகரெட்டைவிட 95 சதவிகிதம் தீங்கு குறைந்தது என்று அறிவித்தது. அந்த 95 எங்கிருந்து வந்தது என்று பிறகு பெரிய சர்ச்சை எழுந்தது. பன்னிரண்டு நிபுணர்கள் கூடி உட்கார்ந்து, தங்கள் அபிப்பிராயத்தில் போட்ட மதிப்பீடே அது. தராசில் நிறுத்த கணக்கல்ல. ஆனாலும் 2016-ல் ராயல் மருத்துவக் கல்லூரியும் ஏறக்குறைய அதே கருத்தைச் சொல்லிற்று.

2019-ல் இங்கிலாந்தில் 886 பேரை வைத்து நடத்திய ஒரு பரீட்சையின் முடிவு வெளியாயிற்று. சிகரெட்டை விட நினைத்தவர்களில் ஒரு சாராருக்கு நிகோட்டின் பட்டை, சூயிங்கம் போன்றவற்றைக் கொடுத்தார்கள். மற்றொரு சாராருக்கு மின் சிகரெட். ஒரு வருஷம் கழித்துப் பார்த்தபோது, முதல் சாராரில் 100-க்கு 9.9 பேரும், இரண்டாவது சாராரில் 18 பேரும் சிகரெட்டைத் தொடாமல் இருந்தார்கள். கிட்டத்தட்ட இரண்டு மடங்கு! பேஷ் என்று சொல்லலாம். ஆனால் மின் சிகரெட்டினால் ஜெயித்தவர்களில் 100-க்கு 80 பேர், வருஷக் கடைசியிலும் அந்தக் கருவியை விடவில்லை. பட்டை, சூயிங்கம் கோஷ்டியில் ஜெயித்தவர்களில் அவற்றை விடாமல் இருந்தவர்கள் 100-க்கு 9 பேர்தான். ஒரு பழக்கம் வெளியே போன வாசல் வழியாக இன்னொன்று உள்ளே வந்து உட்கார்ந்துகொண்டது!

இங்கிலாந்தில் மூடிய பொது இடங்களில் சிகரெட் கூடாது என்ற சட்டம் 2007 ஜூலை 1 முதல் அமலில் இருக்கிறது. கொளுத்திப் பிடிப்பதையே அந்தச் சட்டம் தடுக்கிறது. மின் சிகரெட்டைக் கொளுத்துவதில்லையே! ஆகையால் அது சட்டத்தின் வலையில் விழவில்லை. கடைக்காரரும் ஹோட்டல்காரரும் ரயில் கம்பெனியும் தங்கள் இஷ்டப்படி விதி வைத்துக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டார்கள். 2016-ல் காரியாலயங்களுக்கு யோசனை சொன்ன பொதுச் சுகாதார இலாகா ஒரு விஷயத்தை அழுத்திச் சொன்னது. சிகரெட்டை விட்டுவிட்டு மின் சிகரெட்டுக்கு வந்தவனை, "வெளியே போய் ஊது" என்று சிகரெட் பிடிப்பவர்கள் நிற்கிற மூலைக்கு விரட்டாதீர்கள் என்றது. அங்கே நாலு பேர் நிஜ சிகரெட் பிடித்துக்கொண்டு நிற்பார்கள். ஒருவன் பெட்டியை நீட்டுவான். எட்டு மாத விரதம் எட்டு நிமிஷத்தில் போய்விடும்.

இந்த வாதம் எனக்கு மனத்தில் பட்டது. குடியை விட்டவனைக் கள்ளுக்கடை வாசலில் நிற்க வைப்பது மாதிரிதானே!

ஒரு கேலிப் பேச்சினால் கவிழ்ந்த மசோதா

இங்கிலாந்து இப்படி நினைத்துக்கொண்டிருக்க, பக்கத்திலேயே ஒட்டிக்கொண்டிருக்கும் வேல்ஸ் நாடு வேறு விதமாக யோசித்தது. அங்கே நடந்த கதை ரொம்ப ரசமானது.

வேல்ஸ் சர்க்கார் 2014-ல், மூடிய பொது இடங்களில் மின் சிகரெட்டையும் தடுக்கலாம் என்று ஒரு யோசனையை வெளியிட்டது. சுகாதார மந்திரி மார்க் டிரேக்ஃபோர்டு, 2015 ஜூனில் அதை மசோதாவாகக் கொண்டுவந்தார். அவருடைய கவலை பெரியவர்களைப் பற்றி அல்ல, குழந்தைகளைப் பற்றி. சிகரெட் பிடிக்கிறவனை ஹோட்டலிலும் பஸ்ஸிலும் காணாமலே ஒரு தலைமுறை வளர்ந்து வருகிறது; அந்தக் காட்சியை வேறு உருவத்தில் மறுபடி அவர்கள் கண் முன்னால் கொண்டுவருவானேன் என்று கேட்டார்கள். விசித்திரம் என்னவென்றால், இதை எதிர்த்தவர்களில் புற்றுநோய்ச் சங்கத்தாரும் புகைப்பழக்கத்தை எதிர்க்கும் சங்கத்தாரும் இருந்தார்கள்! சிகரெட்டை விட முயல்கிறவர்களின் காலை இது இடறிவிடும் என்பது அவர்கள் கட்சி. எதிர்ப்பைப் பார்த்து மசோதாவைக் கொஞ்சம் தளர்த்தினார்கள். எல்லா இடங்களிலும் தடை என்பது போய், பள்ளிக்கூடம், சாப்பாடு போடும் ஹோட்டல், பஸ், ரயில் என்று குழந்தைகள் வரக்கூடிய இடங்களில் மட்டும் தடை என்று ஆயிற்று.

2016 மார்ச் 16. தேர்தலுக்கு முன்னால் சட்டசபையின் கடைசி நாள். சர்க்காருக்குத் தனிப் பெரும்பான்மை இல்லை. பிளைட் கம்ரி என்ற எதிர்க்கட்சியின் உறுப்பினர்களில் சிலராவது கை கொடுத்தால் மசோதா நிறைவேறிவிடும்; கொடுப்பார்கள் என்றே எல்லாரும் நினைத்துக்கொண்டிருந்தார்கள். அந்த நேரம் பார்த்து லெய்ட்டன் ஆண்ட்ரூஸ் என்ற மந்திரி, அந்தக் கட்சியோடு முன்பு செய்துகொண்ட ஓர் ஒப்பந்தத்தைப் பற்றிக் கேலியாக ஒரு வார்த்தை சொல்லி வைத்தார். அதிகம் செலவு வைக்காமல் மசிந்து விடுகிற ஜோடி என்கிற அர்த்தத்தில்! அந்தக் கட்சிக்கு அப்போது தலைவர் லியான் வுட் என்ற பெண்மணி. கேட்க வேண்டுமா? கட்சி உறுப்பினர்கள் மசோதாவுக்கு எதிராக ஓட்டுப் போட்டார்கள். ஆதரவு 26, எதிர்ப்பு 26. சரி பாதியாகப் பிரிந்தால் மசோதா தோற்றதாகவே அர்த்தம். இரண்டு வருஷ வேலை, ஒரு கேலியில் காற்றோடு போயிற்று. அந்த மசோதாவில் பச்சை குத்தும் கடைகளுக்கும், பொதுக் கழிப்பிடங்களுக்கும்கூட விதிகள் இருந்தன. அவையும் சேர்ந்து மூழ்கின. பின்னால் 2017-ல் மற்றதையெல்லாம் சட்டமாக்கினார்கள். மின் சிகரெட் விஷயத்தை மட்டும் எடுத்துவிட்டார்கள்!

சபையில் நாக்கை அடக்கத் தெரியாதவர்கள் எல்லாத் தேசத்திலும் இருக்கிறார்கள் என்பது ஒரு பக்கம் இருக்கட்டும். அந்த மந்திரியின் கவலை வீண் கவலையா என்று பாருங்கள். அமெரிக்காவில் உயர்நிலைப் பள்ளி மாணவர்களில் மின் சிகரெட் உபயோகித்தவர்கள் 2017-ல் 100-க்கு 11.7 பேர், 2018-ல் 20.8 பேர், 2019-ல் 27.5 பேர். கம்ப்யூட்டரில் சொருகும் சின்னப் 'பென் டிரைவ்' மாதிரியே அதைச் செய்து விற்றார்கள். பையன் பென்சில் டப்பாவில் வைத்திருந்தால் அம்மாவுக்கு எப்படித் தெரியும்? மாம்பழம், பஞ்சுமிட்டாய், வெனிலா என்று வாசனைகள் வேறு. நாற்பது வயதுக்காரர் சிகரெட்டை விடுவதற்குப் பஞ்சுமிட்டாய் வாசனை எதற்கு என்று எனக்கு இன்றுவரையில் விளங்கவில்லை.

இங்கிலாந்தும் இப்போது பழைய தாராளத்தோடு இல்லை. ஒரு தடவை உபயோகித்துவிட்டு எறிகிற மின் சிகரெட்டுகளை 2025 ஜூன் 1 முதல் அங்கே விற்கக்கூடாது.

எழுந்து போக முடியாதவர்கள்

இவ்வளவும் உபயோகிக்கிறவர்களைப் பற்றிய பேச்சு. வாசல் ஓரத்தில் பத்திரிகையால் விசிறிக்கொண்டிருந்தாளே, அவளைப் பற்றி யார் யோசித்தார்கள்?

ஜப்பானில் தகேஷி ஹிராயாமா என்ற டாக்டர் யோசித்தார். தாங்கள் ஒரு நாளும் சிகரெட் பிடித்தறியாத 91,540 குடும்ப ஸ்திரீகளைப் பதினான்கு வருஷ காலம் கவனித்து வந்தார். 1981-ல் முடிவை வெளியிட்டார். கணவன் நிறையச் சிகரெட் பிடிக்கிறவனாக இருந்தால், அந்த மனைவிக்கு நுரையீரல் புற்றுநோய் வரக்கூடிய அபாயம், சிகரெட் பிடிக்காதவனின் மனைவியைவிடச் சுமார் இரண்டு மடங்கு! அதுவரை, 'பக்கத்தில் இருப்பவருக்கு எரிச்சல்தானே, ஆபத்து ஒன்றும் இல்லையே' என்று சொல்லிக்கொண்டிருந்தார்கள். புகையிலைக் கம்பெனிகள் இந்த ஆராய்ச்சியைக் குறை சொல்வதற்கென்றே ஆள் பிடித்தன. ஆனால் பிற்பாடு வந்த ஆராய்ச்சிகள் அந்த டாக்டர் பக்கமே நின்றன.

இன்னொரு பெண்மணி, அமெரிக்காவில் விமானப் பணிப்பெண்ணாக இருந்த நார்மா பிராயின். சிகரெட்டைத் தொடாதவர். அவருக்கு 1989-ல், முப்பத்திரண்டாவது வயதில், நுரையீரலில் புற்றுநோய் கண்டது. அந்த நாளில் விமானத்தில் பாதி இடம் சிகரெட் பிடிப்பவர்களுக்கு, பாதி இடம் மற்றவர்களுக்கு என்று பிரித்திருப்பார்கள். காற்றுக்கு அந்தக் கோடு தெரியுமா? பிரயாணியாவது இடம் மாற்றிக் கேட்கலாம். தட்டைத் தூக்கிக்கொண்டு அந்தப் புகைக்குள்ளேயே போய்த் தீரவேண்டியது பணிப்பெண்தான். அவரும் மற்றப் பணிப்பெண்களும் 1991-ல் புகையிலைக் கம்பெனிகளின் மேல் வழக்குப் போட்டார்கள். 1997-ல் சமரசமாயிற்று. ஆராய்ச்சிக்கென்று 30 கோடி டாலர் கொடுக்கக் கம்பெனிகள் சம்மதித்தன.

நம் பக்கத்திலும் ஒருவர் உண்டு. கேரளத்தில் தினமும் பஸ்ஸிலும் ரயிலிலும் கல்லூரிக்குப் போய்வந்த ஓர் ஆசிரியை, வழியெல்லாம் புகையைச் சகிக்க முடியாமல் ஹைகோர்ட் படியேறியவர்களில் ஒருவர். 1999 ஜூலை 12-ந் தேதி, பொது இடத்தில் சிகரெட் பிடிப்பது சட்ட விரோதம் என்று அந்த ஹைகோர்ட் தீர்ப்புச் சொன்னது. 2001 நவம்பரில் சுப்ரீம் கோர்ட் தேசம் முழுவதற்கும் அதையே சொன்னது. பிறகுதான் 2003-ல் சட்டமும், 2008 அக்டோபர் 2 முதல் கண்டிப்பான விதிகளும் வந்தன. இன்று பஸ்ஸில் ஒருவன் சிகரெட் பற்றவைத்தால் நாம் அதட்டுகிறோம். நாற்பது வருஷத்துக்கு முன்னால் அதட்டியிருக்க முடியுமா? தலையைத் திருப்பிக்கொண்டிருப்போம், அவ்வளவுதான்.

மின் சிகரெட்டின் ஆவியை இருபது வருஷம் பக்கத்திலிருந்து சுவாசித்தால் என்ன ஆகும் என்று ஹிராயாமா மாதிரி எண்ணிச் சொல்ல இன்னும் ஒருவரும் இல்லை. கருவிக்கே அவ்வளவு வயசு இப்போதுதான் ஆகிறது. சிகரெட்டை விடக் குறைவாகவே இருக்கும் என்று நம்ப இடமிருக்கிறது. ஆனால் 'குறைவு' என்பது, அதைக் கையில் வைத்திருப்பவனுக்குத்தான் ஆதாயம். அவன் முன்பு விழுங்கியது 100 பங்கு விஷம். இப்போது விழுங்குவது அதில் சிறு பங்கு. லாபம்தான். முன்பு ஒரு பங்கும் இல்லாமல் இருந்தவளுக்கு அந்தச் சிறு பங்கு எந்தக் கணக்கில் லாபம்? பரிமாறுகிற பெண்ணுக்கும், பஸ் கண்டக்டருக்கும், வயிற்றில் இருக்கிற சிசுவுக்கும் அது புதுச் செலவுதானே?

ஆகவே என் அபிப்பிராயத்தை மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். கூரையும் சுவரும் உள்ள பொது இடத்தில் மின் சிகரெட் கூடாது. அதை விட முடியாமல் தவிக்கிறவனுக்கு, சிகரெட் பிடிப்பவர்கள் நிற்கிற மூலையாக இல்லாமல், தனியாகத் திறந்தவெளியில் ஓர் இடம் காட்டிவிடுவது நல்லது. இங்கிலாந்து டாக்டர்கள் சொன்ன நியாயமும் இதில் அடங்கிவிடுகிறது.

ஒரு விசை தவறினால்

'இது என்ன பிரமாதம், ஒரு வாய் ஆவிதானே' என்று நினைக்கிறவர்களுக்கு ஓர் உண்மைச் சம்பவம். 2018 ஜூலை 10. ஹாங்காங்கிலிருந்து டாலியன் என்னும் சீன நகரத்துக்கு 153 பிரயாணிகளோடு ஒரு போயிங் விமானம் போய்க்கொண்டிருந்தது. துணை விமானிக்கு மின் சிகரெட் ஞாபகம் வந்துவிட்டது. ஆவி பிரயாணிகள் பக்கம் போனால் மானம் போகுமே என்று, காற்றைச் சுற்றவிடும் விசிறியை நிறுத்தப் பார்த்தார். தலைமை விமானியிடம் சொல்லவில்லை. கை தவறிப் பக்கத்து விசைகளை அமுக்கிவிட்டார். அவை விமானத்துக்குள் காற்று தரும் இயந்திரத்தின் விசைகள்! உள்ளே காற்று குறைந்தது. அபாய மணி அடித்தது. பிரயாணிகள் தலைக்கு மேலே ஆக்ஸிஜன் முகமூடிகள் தொங்கின. 35,000 அடி உயரத்திலிருந்து 10,000 அடிக்கு விமானத்தைச் சரசரவென்று இறக்கினார்கள். நல்ல வேளை, யாருக்கும் ஒன்றும் நேரவில்லை. விமானிகளின் லைசென்ஸ் பறிபோயிற்று.

பெட்டி கட்டும்போது கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. பாட்டரி தீப்பற்றக்கூடும் என்பதால், விமானத்தில் சரக்கோடு போகும் பெட்டியில் மின் சிகரெட்டை வைக்கக்கூடாது என்று 2015-ல் சர்வதேச விதி வந்திருக்கிறது. சிங்கப்பூரில் பெண்ணையோ பிள்ளையையோ பார்க்கப் போகிறவர்கள் இன்னும் ஜாக்கிரதையாக இருக்க வேண்டும். அங்கே 2018 பிப்ரவரி முதல் அதைக் கையில் வைத்திருப்பதே குற்றம்.

நம் தேசத்தில்?

நம் சர்க்கார் பொது இடம், தனி இடம் என்ற விவகாரத்துக்கே போகவில்லை. 2019 செப்டம்பர் 18-ந் தேதி ஓர் அவசரச் சட்டம் போட்டு, மின் சிகரெட்டைச் செய்வது, இறக்குமதி செய்வது, விற்பது, விளம்பரம் செய்வது எல்லாவற்றையும் ஒரேயடியாகத் தடுத்துவிட்டது. டிசம்பரில் அதுவே நிரந்தரச் சட்டமாயிற்று. முதல் தடவை பிடிபட்டால் ஒரு வருஷம் வரை சிறை, அல்லது ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டுமே. மறுபடி பிடிபட்டால் மூன்று வருஷம், ஐந்து லட்சம் வரை போகும். சட்டத்தின் பெயரிலேயே தடை செய்த காரியங்களையெல்லாம் நீளமாக அடுக்கியிருக்கிறார்கள். அந்த அடுக்கில் 'உபயோகிப்பது' என்ற வார்த்தை மட்டும் இல்லை! மாம்பழ மேகம் விட்ட பையனுக்கு இது ஒரு சின்ன ஆறுதல். ஆனால் 'இறக்குமதி' இருக்கிறது என்று அவனிடம் யாராவது சொல்லி வைப்பது நல்லது.

குழந்தைகளைக் காப்பாற்ற வந்த சட்டம் என்கிறார்கள், வரவேற்க வேண்டியதுதான். ஆனால் ஒன்று உறுத்துகிறது. 2016-17-ல் எடுத்த கணக்குப்படி நம் நாட்டில் புகையிலையை ஏதோ ஓர் உருவத்தில் உபயோகிப்பவர்கள் சுமார் 26 கோடியே 70 லட்சம் பேர். வீட்டுக்குள்ளேயே அடுத்தவர் விடும் புகையைச் சுவாசிக்கிறவர்கள் பெரியவர்களில் 100-க்கு 38.7 பேர். பெட்டிக் கடையில் பீடியும் சிகரெட்டும் தாராளமாகக் கிடைக்கின்றன. பொது இடத்தில் அதைப் பிடித்தால் அபராதம் 200 ரூபாய்! குறைந்த விஷத்துக்குச் சிறை. கூடுதல் விஷத்துக்கு இருநூறு ரூபாய். திருநெல்வேலிப் பக்கத்தில் பீடி சுற்றிக் குடும்பம் நடத்தும் பெண்களை நினைத்தால், அதையும் ஒரே நாளில் மூடு என்று சொல்ல எனக்கும் வாய் வரவில்லை. ஆனால் வீட்டுக் கூடத்துப் புகையைப் பற்றி எந்தச் சட்டமும் பேசவில்லை. அங்கே பேசவேண்டியவர்கள் நீங்கள்தான்.

அன்று சாயந்திரம் வரவேற்பின்போது நடந்ததையும் சொல்லிவிடுகிறேன். பையன் கருவியைக் கையில் எடுத்ததுதான் தாமதம், பாட்டி விரலை மேலே காட்டி, "மேகம் விடுவதானால் மேகம் இருக்கிற இடத்துக்குப் போடா!" என்றார். அவன் ஒரு கணம் விழித்தான். பிறகு வாசல் பக்கம் திரும்பிப் பார்த்தான். காலையிலிருந்து அதே நாற்காலியில்தான் உட்கார்ந்திருந்தாள் அவன் அக்காள் முறையானவள். அப்போதுதான் அவனுக்கு உறைத்திருக்க வேண்டும். ஒன்றும் பேசாமல் மொட்டை மாடிக்குப் படி ஏறிப் போனான்.

கால் மணி நேரம் கழித்து இறங்கி வந்தவன், அவளைக் கையைப் பிடித்து எழுப்பி, ஏ.சி.க்கு எதிரே இருந்த சோபாவில் உட்கார வைத்துவிட்டு, இரண்டு கிண்ணங்களில் ஐஸ்கிரீம் கொண்டுவந்து நீட்டினான்.

"என்ன ஐஸ்கிரீம்?" என்று கேட்டாள் அவள்.

"மாம்பழம், அக்கா."

"வேண்டாம்பா. வெனிலா இருந்தால் கொண்டு வா!"